நெல்லைப் பக்கத்து இன்ஜினியரிங் வாத்தியார் வேலை: மதிய வகுப்புகள் பற்றிச் சில நினைவுகள்

ஓய்வுபெற்ற_சிவில் | ஞாயிறு, காலை 7:40

எண்பதுகளின் நடுவில் இந்தப் பக்கத்துப் பொறியியல் கல்லூரி ஒன்றில் சிவில் துறை விரிவுரையாளராகச் சேர்ந்து, பேராசிரியராக ஓய்வு பெற்றவன் நான். கல்லூரிப் பெயர் வேண்டாம். இங்கே பாதிப்பேர் கண்டுபிடித்துவிடுவீர்கள். கண்டுபிடித்தாலும் உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். போன வாரம் வேறோர் இழையில் ஒரு தம்பி, "இன்ஜினியரிங் காலேஜில் அப்படி என்னத்தைத்தான் சொல்லிக் கொடுத்தார்கள்?" என்று கேட்டிருந்தார். பதில் எழுத உட்கார்ந்தேன், நீண்டுவிட்டது. அதனால் தனி இழை.

என் பதில்: உருப்படியாகச் சொல்லிக் கொடுத்ததெல்லாம் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகுதான். காலையில் நாங்கள் போர்டில் எழுதுவோம், பையன்கள் நோட்டில் எழுதுவார்கள், பரீட்சைத் தாளில் அதே எழுத்து எங்களிடமே திரும்பி வரும். சாப்பாட்டுக்கு மேல் லேப், ஒர்க்‌ஷாப், டிராயிங் ஹால், சர்வே. அந்த மதியங்கள் ஒவ்வொன்றாகக் களவு போனதைத்தான் என் சர்வீஸ் முழுக்கப் பார்த்தேன்.

கொஞ்சம் பழைய கதை. பாளையங்கோட்டைக்குத் 'தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு' என்று பெயர். செயின்ட் ஜான்ஸ் கல்லூரி 1878-இல் வந்தது, சேவியர்ஸ் கல்லூரி 1923-இல். ஆனால் பி.இ. படிக்க வேண்டுமென்றால் மதுரை, காரைக்குடி, கோயம்புத்தூர், கிண்டி என்று பெட்டி கட்ட வேண்டும். 1981-இல் திருநெல்வேலியில் அரசு பொறியியல் கல்லூரி வந்தபிறகுதான் பையன்கள் வீட்டுச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டே இன்ஜினியரிங் படிக்க முடிந்தது. 1984-இல் கோவில்பட்டியில் நேஷனல் பொறியியல் கல்லூரி வந்தது. அப்போது தூத்துக்குடி தனி மாவட்டம் ஆகவில்லை. கோவில்பட்டியும் நெல்லைச் சீமைதான்.

நான் படித்தது பி.யூ.சி.க்குப் பிறகு ஐந்து வருடப் படிப்பு. சேரும்போது கணக்குப் போடக் கையில் ஸ்லைடு ரூல் என்ற நகரும் அளவுகோலும் கிளார்க்ஸ் டேபிள் புத்தகமும். முடிக்கும்போது வசதியான வீட்டுப் பையன்கள் கையில் கால்குலேட்டர் வந்துவிட்டது. பிளஸ் டூ வந்ததும் படிப்பு நான்கு வருடம் ஆனது. ஒரு வருடம் குறைந்ததில் ஒர்க்‌ஷாப் நேரம்தான் முதலில் அடி வாங்கியது.

சரி, மதியம் என்ன செய்வோம் என்று ஒன்று சொல்கிறேன். ஸ்ட்ரக்சுரல் அனாலிசிஸில் 'ஆர்ச்' என்று ஒரு பாடம். போர்டில் ஒரு வளைவு போட்டு, இரண்டு பக்கமும் கிடையாகத் தள்ளும் விசையைக் கணக்குப் போடுவோம். பையன்களுக்குக் கணக்கு வரும், தள்ளுகிறது என்பது மட்டும் மனதில் ஏறாது. நமக்கு என்ன குறை? தாமிரபரணி ஆற்றின் மேல் சுலோசன முதலியார் பாலம் நிற்கிறது. 1843-இல் திறந்தது, அறுபது அடி அகலத்தில் பதினொரு வளைவு. கீழே இறங்கி நின்றால், பக்கத்துப் பக்கத்து வளைவுகள் ஒன்றையொன்று தள்ளி நடுத்தூணில் சரிக்கட்டிக்கொள்வது கண்ணுக்கே தெரியும். அப்புறம் கரையோரம் இருக்கிற கடைசி வளைவைக் காட்டி, "இதை யாருலே தாங்குதா?" என்று கேட்டால் போதும். அபட்மென்ட், அதாவது கரையில் பாலத்தைத் தாங்கும் கட்டுமானம், ஏன் அவ்வளவு கனமாக இருக்கிறது என்று அவர்களே சொல்வார்கள்.

அங்கிருந்து அப்படியே ஜங்ஷன் ஈரடுக்குப் பாலத்துக்கு நடக்க வைப்பேன். 1973-இல் திறந்தது. அதிலும் வளைவு உண்டு, ஆனால் இது வேறு ஜாதி: 'போஸ்ட்ரிங்' கர்டர். மேலே கான்கிரீட் வில், அதிலிருந்து இறங்கும் தொங்கு கம்பங்கள். "வில்லு இருக்கு, நாணு எங்கலே?" என்று கேட்பேன். எல்லோரும் அண்ணாந்து தேடுவார்கள். ஒரு வருடம் பேட்டைப் பையன் ஒருவன் காலைத் தரையில் தட்டி, "நாம நிக்கிற மட்டம்தான் சார் நாணு" என்றான். கிடை விசையை அந்தக் கீழ்க் கட்டை இழுத்துப் பிடித்துக்கொள்கிறது, அதனால் தூணுக்கு நேர்ப் பாரம் மட்டும்தான் வருகிறது. இதைக் காலையில் ஒரு மணி நேரம் போர்டில் கத்தியிருக்கிறேன். பாலத்தில் அவன் ஒருவன் சொன்னதும் அத்தனை பேருக்கும் விளங்கிவிட்டது.

பஸ் செலவுகூடக் கிடையாது. பிற்பாடு இதற்குக்கூட 'பர்மிஷன்' கேட்டு மூன்று கையெழுத்து வாங்க வேண்டி வந்தது.

மற்றவர்கள் உங்கள் அனுபவத்தை எழுதுங்கள். மெக்கானிக்கல்காரர்கள் சண்டைக்கு வருவீர்கள் என்று தெரியும்.

---

லேத்_அண்ணாச்சி | ஞாயிறு, காலை 9:15

சண்டைக்கு வராமல் இருப்பேனா? சிவில்காரர்களுக்கு ஆற்றங்கரையில் காற்று வாங்குவது பாடம். எங்களுக்கு ஒர்க்‌ஷாப் தகரக் கூரைக்குக் கீழே மே மாத வெயில்.

முதல் வருடம் ஃபிட்டிங் ஷாப். ஒரு இரும்புத் தகட்டைக் கொடுத்து, நான்கு பக்கமும் ராவி, மூலைமட்டம் வைத்துப் பார்த்தால் வெளிச்சம் தெரியக் கூடாது என்பார்கள். இரண்டாவது நாளே உள்ளங்கை கொப்பளித்துவிடும். எங்கள் ஒர்க்‌ஷாப் இன்ஸ்ட்ரக்டர் ஐ.டி.ஐ. படித்தவர், பேராசிரியர்கள் யாருக்கும் அவர் பயந்ததில்லை. தகட்டை வாங்கி ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடிப்பார். ஒரு நூல் வெளிச்சம் கசிந்தாலும், "கொண்டு போ, நாளைக்கு வா". அவ்வளவுதான் பேச்சு. ரெண்டு துண்டு பொருந்துகிற 'வீ' ஜாயின்ட்டுக்கு நான் அழுதே விட்டேன்.

ஆனால் ஒன்று. இன்றைக்கு ஒரு டிராயிங்கில் டாலரன்ஸ் என்று, அளவு எவ்வளவு விலகலாம் என்கிற எண்ணைப் பார்த்தால், அதற்கு எவ்வளவு வேர்வை சிந்த வேண்டும் என்று எனக்குக் கையில் தெரியும். என் கம்பெனியில் புதிதாக வரும் பையன்கள் எதற்கெடுத்தாலும் 0.01 மி.மீ. போட்டுத் தள்ளுகிறார்கள். கேட்டால் சாஃப்ட்வேர் அப்படித்தான் காட்டியது என்கிறார்கள். செலவை யார் கொடுப்பது?

சார், நீங்கள் சொன்ன அந்த மூன்று கையெழுத்து சமாச்சாரத்தை விரிவாக எழுதுங்கள்.

---

அம்பைக்காரி | ஞாயிறு, மதியம் 12:05

சார் எழுதியதைப் படித்து முடித்ததும் எனக்கு வயிற்றெரிச்சல்தான் வந்தது. நான் தொண்ணூறுகளில் வேறொரு கல்லூரியில் சிவில் படித்தேன். சர்வே கேம்ப் பாபநாசம் பக்கம். சொந்த ஊர் பக்கத்திலேயே கேம்ப் என்று அம்மாவிடம் பெருமையாகச் சொல்லிவிட்டுப் போனேன்.

கேம்பில் என்ன நடந்தது தெரியுமா? பேட்சுக்கு இரண்டு பெண்கள். பையன்கள் கோணம் அளக்கிற தியோடலைட்டைத் தூக்கிக்கொண்டு பாறை மேல் ஏறுவார்கள். எங்கள் கையில் ஃபீல்டு புக், அளவு குறிக்கிற நோட்டு. மரத்தடியில் உட்கார்ந்து அவர்கள் கத்துகிற ரீடிங்கை எழுத வேண்டும். நானும் கருவி வைக்கிறேன் என்று கேட்டதற்கு, கூட வந்த ஒரு ஆசிரியர், "வெயில்ல எதுக்கும்மா கறுத்துப் போறீங்க, உங்க கையெழுத்துத்தான் அழகா இருக்கு" என்றார். நல்லது சொல்வதாகத்தான் அவர் நினைப்பு. சாயந்திரம் ஆறு மணிக்கு எங்களை மட்டும் வேனில் ஏற்றித் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ராத்திரி நட்சத்திரத்தைப் பார்த்துத் திசை காண்கிற பயிற்சி எங்களுக்குக் கிடையாது. ஆனால் ரெக்கார்டில் எழுத வேண்டும், மார்க்கும் உண்டு!

படித்து முடித்தபின் ஒரு மேஸ்திரியிடம்தான் லெவல், அதாவது உயர வித்தியாசம் பார்க்கக் கற்றுக்கொண்டேன். இன்றைக்குச் சொந்தமாகக் கட்டட வேலை எடுத்துச் செய்கிறேன். ஆட்டோ லெவல் கருவியை நான் வைப்பேன், ஸ்டாஃப் என்ற நெட்டை அளவுகோலை அவர் பிடிப்பார். மதிய வகுப்பு அருமை என்று நீங்கள் சொல்வது சரி. அது யாருக்குக் கிடைத்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

---

ஓய்வுபெற்ற_சிவில் | ஞாயிறு, மாலை 6:30

அம்பைக்காரி, நீங்கள் சொல்வது பல கேம்ப்களில் நடந்ததுதான், நானும் பார்த்திருக்கிறேன். என் பேட்ச்களில் சுழற்சி முறை வைத்திருந்தேன்: இன்றைக்குக் கருவி வைத்தவர் நாளைக்கு ஸ்டாஃப் பிடிக்க வேண்டும், மறுநாள் ஃபீல்டு புக். ஆணென்றும் பெண்ணென்றும் கிடையாது. இது சமத்துவம் பற்றி மட்டும் அல்ல. ரீடிங் எழுதியே பழகியவனுக்குத் தப்பு எங்கே நுழைகிறது என்பது தெரியவே தெரியாது. ஸ்டாஃப் லேசாகச் சாய்ந்தால் ரீடிங் கூடிவிடும். ஸ்டாஃப் பிடித்தவனுக்குத்தான் கை கடுத்துச் சாய்கிற நேரம் தெரியும்.

பேச்சு வந்ததால் சமையலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சர்வே படித்த எல்லோருக்கும் தெரியும், ரீடிங் 'குக்' பண்ணுவது, அதாவது அளக்காமலே எண்ணை இட்டுக்கட்டுவது. உயரம் தெரிந்த பெஞ்ச் மார்க் புள்ளியில் தொடங்கி ஒரு சுற்றுச் சுற்றி அங்கேயே வந்து முடித்தால், பின்நோக்கு ரீடிங்குகளின் கூட்டலும் முன்நோக்கு ரீடிங்குகளின் கூட்டலும் சமமாக வர வேண்டும். நிஜத்தில் வராது. சில மில்லிமீட்டர் நிற்கும். வெயிலில் காற்று அலையடிக்கும், கால் பதிந்த மண் இறங்கும், கண் ஏமாற்றும். சில பேட்ச் மட்டும் டீக்கடையில் உட்கார்ந்து மத்தியானத்துக்குள் முடித்துவிட்டு, பிழை பூஜ்யம் என்று கொண்டு வந்து நீட்டும்.

"பூஜ்யமா? ரொம்ப நல்லது. நாளைக்குக் காலையில திரும்பப் போயி எடுத்துட்டு வாங்க" என்பேன்.

"சார், கரெக்டா வந்திருக்கே சார்!"

"அதனாலதான்லே சொல்லுதேன்."

சாயந்திரம் கேம்ப் முழுக்க, "இந்தாளு கோட்டி" என்று பேச்சு ஓடும். ஆறேழு மில்லிமீட்டர் பிழையோடு, அழித்து எழுதாமல், அடித்துத் திருத்திய ஃபீல்டு புக்கைக் கொண்டு வருபவனுக்கு நான் முழு மார்க் போடுவேன். ரப்பர் வைத்து அழித்த ஃபீல்டு புக்கைக் கோர்ட்டில்கூட ஏற்க மாட்டார்கள் என்று எங்கள் வாத்தியார் எங்களுக்குச் சொன்னதை அப்படியே இவர்களுக்கும் சொன்னேன்.

லேத் அண்ணாச்சி கேட்ட மூன்று கையெழுத்துக்கு அப்புறம் வருகிறேன். கண் வலிக்கிறது.

---

கோடகன்கால் | ஞாயிறு, இரவு 9:50

நான் பாசனப் பக்கம் வேலை பார்க்கிறேன், அதற்கு மேல் விவரம் வேண்டாம். சார் இன்னும் அணைக்கட்டுக்கு வரவில்லையே என்று காத்துக்கொண்டிருந்தேன். அவர் எழுதுவதற்குள் நான் எழுதிவிடுகிறேன், கோபித்துக்கொள்ள மாட்டார்.

தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டு, ஆற்றைத் தடுத்து வாய்க்காலில் திருப்புகிற, மிச்சத் தண்ணீர் மேலே வழிகிற கல் தடுப்பு. கோடைமேலழகியானில் தொடங்கி ஸ்ரீவைகுண்டத்தில் முடியும். கடைசி ஒன்றுதான் வெள்ளைக்காரர் காலத்தது, மற்ற ஏழும் அதற்கு முந்தியவை. டவுனுக்குள் ஓடுகிற நெல்லை வாய்க்கால் சுத்தமல்லியில் பிரிவது. பாளையங்கால் பழவூரில். என் பெயர்க் காரணமான கோடகன் கால் அரியநாயகிபுரத்தில். பல பேர் இந்த வாய்க்கால்களைச் சாக்கடை என்று நினைத்தே வளர்ந்திருப்பீர்கள், அது தனிச் சோகம்.

மருதூர் அணைக்கட்டைப் போய்ப் பாருங்கள். ஆற்றை நேராக வெட்டாமல் குதிரை லாடம் மாதிரி வளைந்து கிடக்கும். நீளம் நாலாயிரம் அடிக்கு மேல். கல்லூரியில் படிக்கும்போது எங்களுக்கு ஒரு சூத்திரம் கொடுத்தார்கள்: மேலே வழியும் நீரின் அளவு, அணைக்கட்டின் நீளத்துக்கு நேர் விகிதம், வழியும் ஆழத்தின் ஒன்றரை அடுக்குக்கு நேர் விகிதம். பரீட்சையில் எண்களைப் போட்டு விடை எழுதினேன், பாஸ். வேலைக்கு வந்து மருதூரில் நின்றபோதுதான் அந்தச் சூத்திரத்தின் அர்த்தம் தெரிந்தது. நீளத்தை இரட்டிப்பாக்கினால், அதே வெள்ளத்துக்கு வழியும் ஆழம் ஏறத்தாழ 0.63 பங்காகக் குறைந்துவிடும். ஆழம் குறைந்தால் மேல்பக்கம் ஊருக்குள் தண்ணீர் ஏறுவது குறையும், கல்லுக்கு விழும் அடியும் குறையும். கட்டியவர்களிடம் சூத்திரம் இருந்ததா என்று கேட்காதீர்கள். வெள்ளத்தைப் பார்த்த கண் இருந்தது.

2023 டிசம்பர் 17, 18 இரண்டு நாளும் மறக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை, அந்த மாவட்டத்தின் ஓராண்டுச் சராசரியைவிட அதிகம். ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் திருச்செந்தூர் ரயில் ஜனங்களோடு மாட்டிக்கொண்டது எல்லோருக்கும் தெரியும். ஹைட்ராலஜி வகுப்பில் 'இப்படி ஒரு மழை எத்தனை வருடத்துக்கு ஒருமுறை வரும்' என்று கணக்குப் போடுவோம் அல்லவா? அந்த இரண்டு நாளைச் சேர்த்தால் பழைய கணக்கெல்லாம் மாறும். இப்போது படிக்கிற பிள்ளைகளுக்கு அது வீட்டு வாசலில் நடந்த பாடம். யாராவது அதை வைத்து வகுப்பு எடுக்கிறார்களா என்றுதான் தெரியவில்லை.

---

துபாய்_தென்காசி | திங்கள், காலை 6:20

எல்லோரும் ஒரே பக்கம் பேசுகிறீர்கள், நான் கொஞ்சம் எதிர்ப்பக்கம்.

நான் மெக்கானிக்கல். லேத் அண்ணாச்சி சொன்ன அதே தகடு, அதே கொப்பளம். எனக்கு அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை. ஃபைனல் இயரில் ஐ.டி. கம்பெனி வந்து, மெக்கானிக்கல், சிவில் என்று பார்க்காமல் அள்ளிக்கொண்டு போனது. என்னைக் கரை சேர்த்தது ராத்திரி ரூமில் உட்கார்ந்து படித்த 'சி' மொழியும், ஆப்டிடியூட் புத்தகமும்தான். எங்கள் ஊரில் அப்பா பீடிக் கடை வைத்திருந்தார். அக்கா கல்யாணக் கடன் அடைந்தது அந்த வேலையில்தான். வளைவு பாலத்தைத் தள்ளினால் என்ன, இழுத்தால் என்ன?

இன்னொன்று, ஒர்க்‌ஷாப் என்று புகழ்கிறீர்களே, எங்கள் கல்லூரியில் லேத் ஆறு, ஓடுவது இரண்டு. ஒருவன் திருப்புவான், பதினைந்து பேர் சுற்றி நின்று வேடிக்கை பார்ப்போம். மதியம் முழுக்க அப்படியே நின்று, சாயந்திரம் ரெக்கார்டில் 'நான் செய்தேன்' என்று எழுதுவோம்.

கடைசியாக ஒரு வேடிக்கை. என் டிகிரியில் இருப்பது அண்ணா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், திருநெல்வேலி. இங்கே வேலை மாறும்போது சரிபார்க்கிறவர், "இப்படி ஒரு பல்கலைக்கழகமே இல்லையே" என்றார். இருந்தது சார், நாங்கள் படித்து முடித்த பிறகு இழுத்து மூடிவிட்டார்கள் என்று விளக்கம் எழுதிக் கொடுத்தேன்.

---

லேத்_அண்ணாச்சி | திங்கள், காலை 8:02

தென்காசித் தம்பி, ஒரு லேத்துக்குப் பதினாறு பேர் என்றால் அது ஒர்க்‌ஷாப் இல்லை, பொருட்காட்சி. குறை லேத்திலா, வாங்கிப் போடாத ஆட்களிடமா?

கடன் அடைந்ததில் எனக்கும் சந்தோஷம்தான். அதில் வாதம் இல்லை.

---

உதவிப்பேரா | திங்கள், இரவு 10:40

இப்போது வேலையில் இருக்கிறவன் பேசுகிறேன். ஒரு தனியார் கல்லூரியில் சிவில் உதவிப் பேராசிரியர். எந்தக் கல்லூரி என்று கேட்காதீர்கள், சேரும்போது வாங்கி வைத்த ஒரிஜினல் சர்டிபிகேட் இன்னும் அவர்கள் பீரோவில் இருக்கிறது.

மதியம் எங்கே போனது என்று சார் கேட்கிறார். நான் சொல்கிறேன். பாதி மதியம் ஃபைலில் போகிறது. ஒவ்வொரு பாடத்துக்கும், அதை முடித்தால் பிள்ளைகளுக்கு என்னென்ன வர வேண்டும் என்பதை ஒரு பட்டியலாகவும், மொத்தப் பட்டப்படிப்பையும் முடித்தால் என்னென்ன வர வேண்டும் என்பதை இன்னொரு பட்டியலாகவும் போட்டு, இரண்டையும் 1, 2, 3 என்று எண் போட்டுப் பொருத்த வேண்டும். இதற்கு சி.ஓ.-பி.ஓ. மேப்பிங் என்று பெயர். நல்ல நோக்கத்தில் வந்ததுதான், மறுக்கவில்லை. ஆனால் அங்கீகாரக் குழு வருகிறது என்றால் லேபைப் பூட்டிவிட்டு மூன்று வருடத்து ஃபைலை உட்கார்ந்து எழுதுகிறோம். சார் சொன்ன அதே சமையல்தான், இதில் பிழை எப்போதும் பூஜ்யம்.

மீதி மதியம் கேன்வாசிங். பிளஸ் டூ பரீட்சை முடிந்ததும் ஆலங்குளம், சுரண்டை, சங்கரன்கோவில் என்று ஊர் பிரித்துக் கொடுப்பார்கள். கையில் ஒரு பேர்ப் பட்டியல், நோட்டீஸ் கட்டு. வீடு வீடாகப் போய், "அண்ணாச்சி, பையனை எங்க காலேஜில சேருங்க, பஸ் வசதி இருக்கு" என்று கேட்க வேண்டும். ஒரு வீட்டில் திண்ணையில் உட்கார வைத்து மோர் கொடுத்தார்கள். அந்த அம்மா, "சார் என்ன வேலை பாக்கியோ?" என்று கேட்டார். பேராசிரியர் என்றேன். "வாத்தியாரா வெயில்ல இப்படி அலையுதீங்க?" என்று உள்ளே போய் இன்னொரு டம்ளர் கொண்டு வந்தார். சேர்க்கை எண்ணிக்கை குறைந்தால் சம்பளத்தில் கை வைப்பார்கள். சிவிலில் இப்போது வகுப்பில் பாதி நாற்காலி காலி.

இதற்கு நடுவில் எனக்கு ஒரு ஆசை. கோடகன்கால் சார் எழுதியதைப் படித்ததிலிருந்து, என் மூன்றாம் வருடப் பிள்ளைகளை ஓர் அணைக்கட்டுக்குக் கூட்டிப் போக வேண்டும் என்று இருக்கிறது. யாரைக் கேட்க வேண்டும்?

---

ஓய்வுபெற்ற_சிவில் | செவ்வாய், காலை 5:55

தூக்கம் வரவில்லை, எழுதிவிடுகிறேன்.

முதலில் மூன்று கையெழுத்து. சின்ன விஷயம்தான். துறைத் தலைவர், முதல்வர், நிர்வாகம். வழியில் ஒரு பையனுக்கு அடிபட்டால் யார் பொறுப்பு என்ற பயம். நியாயமான பயம். ஆனால் கையெழுத்து கிடைப்பதற்குள் பாடம் நான்காவது யூனிட்டுக்குப் போய்விடும்.

யுனிவர்சிட்டி பெயர் மாற்றம் பற்றித் தென்காசித் தம்பி சொன்னது சிரிப்பு இல்லை. இந்தப் பக்கத்துக் கல்லூரிகள் மதுரை காமராசரில் இருந்தன. 1990-இல் மனோன்மணீயம் சுந்தரனார் வந்ததும் அதற்கு மாறினோம். 2000-க்குப் பின் மாநிலத்துப் பொறியியல் கல்லூரிகள் அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ் போயின. 2007-இல் அதிலிருந்து திருநெல்வேலி தனியாகப் பிரிந்தது, 2012-இல் திரும்பச் சேர்ந்தது. அதே கட்டடம், அதே பெஞ்ச், அதே வாத்தியார். ஒவ்வொரு மாற்றத்துக்கும் புது சிலபஸ், புது ரெகுலேஷன், பழைய அரியர் வைத்திருப்பவனுக்கு இணைப் பாடம் எது என்று ஒரு அட்டவணை. ஒரு பையனின் அரியர் பேப்பரை எந்தப் பல்கலைக்கழகம் திருத்தும் என்று எங்களுக்கே குழப்பம் வந்த காலம் உண்டு.

இதில் நடந்த முக்கியமான மாற்றத்தை யாரும் பேசுவதில்லை. சிலபஸ் ஓரிடத்தில், வினாத்தாள் ஓரிடத்தில், திருத்துவது ஓரிடத்தில் என்று ஆனதும், உள்ளூர் ஆறு பாடத்திலிருந்து வெளியே போய்விட்டது. தர்மபுரியிலிருந்து தக்கலை வரைக்கும் ஒரே கேள்வி என்றால் அதில் மருதூர் வராது. வராததை எந்த வாத்தியார் நடத்துவார்? பொதுத் தேர்வு வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், அது இல்லாத காலத்துத் தில்லுமுல்லு எனக்குத் தெரியும். பரீட்சைக்கு வராத பாடத்துக்கும் நேரம் விட வேண்டும் என்றுதான் சொல்கிறேன்.

தென்காசித் தம்பிக்கு இன்னொரு பதில். ஐ.டி. வேலை குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியதை நானும் பார்த்தேன். என் மாணவர்கள் பலர் வீடு கட்டியது அதில்தான். ஆனால் வேலை கிடைத்ததற்காக ஒர்க்‌ஷாப் வீண் என்று ஆகாது. ஓடாத நாலு லேத்துதான் வீண்.

வைவா என்ற வாய்மொழித் தேர்வு பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கல்லிடைக்குறிச்சிப் பக்கத்துக் கொத்தனார் மகன் ஒருவன், தமிழ் மீடியம். கான்கிரீட் லேப் வைவாவில் வெளியூர்த் தேர்வாளர், 'பல்கிங் ஆஃப் சாண்ட்' என்றால் என்ன என்று ஆங்கிலத்தில் கேட்டார். பையன் வாயே திறக்கவில்லை. வேர்த்துக் கொட்டுகிறது. நான் அனுமதி கேட்டுக்கொண்டு, "ஏலே, மணலு நனைஞ்சா என்ன ஆகும்?" என்றேன். பையன் நிமிர்ந்தான்.

"பொம்மிரும் சார். அரைகுறையா நனைஞ்ச மணலைப் பெட்டியில அளந்தா பொய் அளவு காட்டும். அப்பா அதை வாங்க மாட்டாவ. வாங்குனாலும் பெட்டிக்கு ஒரு கை கூடப் போடச் சொல்லுவாவ."

"முழுசா தண்ணிய ஊத்துனா?"

"அமுங்கி, காஞ்ச மணலு அளவுக்கே வந்துரும் சார்."

அவ்வளவும் சரி. ஐந்து சதவீத ஈரத்தில் மணல் துகள்களைச் சுற்றி நீர்ப்படலம் உட்கார்ந்து விலக்கி வைக்கும், பருமன் கால் பங்குக்கு மேலே கூடும். முழுக்க மூழ்கினால் படலம் போய்விடும். கலவைக்கு மணலைப் பெட்டியால் அளக்கிற இடத்தில் இதை விட்டுவிட்டால் கான்கிரீட்டில் மணல் குறைந்துபோகும். தேர்வாளர் தமிழ்க்காரர்தான், நல்ல மார்க் போட்டார். வெளியே வந்ததும் பையனை நிறுத்தி, இப்போது சொன்னதையே ஆங்கிலத்தில் நான்கு வாக்கியமாக எழுதிக்கொண்டு வா என்றேன். இன்டர்வியூவில் நான் கூட வர முடியாதே. அவன் எழுதினான், தப்பும் தவறுமாக. திருத்திக் கொடுத்தேன். அதற்கப்புறம் எல்லா லேபிலும் இந்த வரிசைதான்: முதலில் தமிழில் சொல்ல வேண்டும், பிறகு ஆங்கிலத்தில் எழுத வேண்டும். 2010-இல் அண்ணா பல்கலைக்கழகம் சிவிலையும் மெக்கானிக்கலையும் தமிழ் வழியில் கொண்டு வந்தபோது பலர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உதவிப்பேரா தம்பி, அணைக்கட்டுக்குப் போங்கள். தொடக்கத்துக்கு மருதூர் வேண்டாம், சுத்தமல்லி போதும், டவுண் பஸ் போகும். அனுமதி விஷயம் கோடகன்கால் சொல்லட்டும்.

---

அம்பைக்காரி | செவ்வாய், காலை 10:30

அந்தக் கொத்தனார் மகன் கதை என் சைட்டில் தினமும் நடக்கிறது. இப்போது ஆற்று மணல் போய், கல்லை உடைத்துச் செய்கிற எம்-சாண்ட் வந்துவிட்டது, அதுவும் நனைந்தால் பொம்முகிறது. டிப்ளமோ முடித்து வந்த பெண் ஒருத்திக்குப் பாட்டிலில் மணலைப் போட்டுத் தண்ணீர் ஊற்றி நேற்றுத்தான் காட்டினேன்.

உதவிப்பேரா, பெண் பிள்ளைகளிடம் கருவியைக் கொடுங்கள். நான் சொல்லாமல் விட மாட்டேன்.

---

கோடகன்கால் | செவ்வாய், மாலை 7:10

கல்லூரி முதல்வர் கையெழுத்தோடு, எத்தனை பேர், எந்தத் தேதி, கூட வரும் ஆசிரியர் யார் என்று எழுதி, நீர்வளத்துறையின் செயற்பொறியாளர் அலுவலகத்தில் கொடுங்கள். பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.

தேதிதான் முக்கியம். கார் என்ற முதல் போக நெல் சாகுபடிக்கு வழக்கமாக ஜூனில் தண்ணீர் திறப்பார்கள். அதற்கு முன்னால், மே மாதம் வந்தால் கல் வெளியே தெரியும், முகட்டிலேயே ஸ்டாஃப் வைத்து லெவல் எடுக்கலாம். ஜூனுக்குப் பிறகு வந்தால் வழிகிற தண்ணீரைப் பார்க்கலாம், மேலே கால் வைக்க முடியாது. வடகிழக்குப் பருவத்தில் வரவே வேண்டாம்.

---

உதவிப்பேரா | செவ்வாய், இரவு 11:15

மே மாதம் நான் சங்கரன்கோவிலில் நோட்டீஸோடு அலைவேன் சார். மார்ச் கடைசி ஆகுமா?

---

கோடகன்கால் | புதன், காலை 7:25

பிசானம் என்ற இரண்டாம் போக நெல் அறுவடை முடிகிற நேரம், ஆற்றில் வரத்து குறைந்திருக்கும். ஆகும். சனிக்கிழமை வையுங்கள், நான் லீவில் இருப்பேன்.

---

ஓய்வுபெற்ற_சிவில் | புதன், காலை 8:10

சனிக்கிழமை என்றால் நானும் வருகிறேன். உங்கள் டம்பி லெவலில் குமிழி ஓடுகிறதா என்று முதலில் பாருங்கள். பல லேபில் எண்ணெய் போட்டே வருடக்கணக்கில் ஆகியிருக்கும். ஸ்டாஃப் இரண்டு வேண்டும். பெரிய குடை ஒன்று வேண்டும், அது கருவிக்கு, உங்களுக்கு அல்ல. பிள்ளைகளைப் பென்சிலோடு வரச் சொல்லுங்கள், ரப்பரை வீட்டிலேயே வைத்துவிட்டு.